6.42க்கு உள்ளே போனவர்

நாள் 212. இரவு 11.40

இதைக் கண்டெடுப்பவருக்கு: கெஞ்சிக் கேட்கிறேன், யாரிடமும் காட்டாதீர்கள். பணிக் குறிப்பைச் சொந்த நோட்டில் எழுத எங்களுக்கு அனுமதி இல்லை.

நான் மகிழினி. ஒன்பதாம் வகுப்பு, நிலவுக் குடியிருப்பு. இன்று கீரைக் கூடத்தில் தீ. உள்ளிருந்த காற்றை வெளியேற்றி மாலை 4.10க்குக் கட்டுப்படுத்தினார்கள். கீரை பறித்துக்கொண்டிருந்த செண்பகவல்லி அக்கா இறந்துவிட்டார்.

சுவரின் வெப்பம் 140 டிகிரி. அறுபதுக்கு இறங்கும்வரை காற்றை மறுபடி உள்ளே விடக் கூடாது. விட்டால் தீ திரும்பப் பற்றும். விசாரணை முடியும்வரை உள்ளே எதையும் நகர்த்தவும் கூடாது.

பள்ளித் துணைப்படையிலிருந்து எனக்கு வாசல் பணி. காற்றுக்கவசம் அணிந்து உள்ளே போகிறவர் தன் பெயர் டோக்கனை என்னிடம் கொடுப்பார். அதைப் பலகையில் மாட்டி, பதிவேட்டில் நேரம் எழுதுவேன். வெளியே வந்ததும் திருப்பித் தருவேன்.

5.05: எலக்ட்ரீஷியன் அற்புதராஜ் அண்ணன், மின்சாரத்தைத் துண்டிக்க. "ஆபீசரம்மா, கையெழுத்தா, கைநாட்டா?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். 5.20க்கு வந்துவிட்டார்.

6.42: தீயணைப்பு அலுவலர் கோமதி. என் அம்மா. டோக்கன் தரவில்லை. "எனக்கெதுக்குடி டோக்கன்? தள்ளு." 6.51க்கு வெளியே வந்தார். கையில் ஒரு பை. விதிப்படி நேரத்தை எழுதினேன். இங்கேயும் எழுதுகிறேன்.

நாள் 213. இரவு 11.15

கூடத்து ஹீட்டர் சூடேறினால் தானே அணைய வேண்டும். அதற்கான சுவிட்சைக் காணவில்லை. யாரோ கழற்றியிருக்கிறார்கள்.

விசாரணை அதிகாரி திருமாறன் சார் என் பதிவேட்டைப் படித்தார். "6.42, அற்புதராஜ், இரண்டாம் முறை."

நான் அப்படி எழுதவில்லை. ஆனால் எழுத்து என்னுடையது போலவே இருந்தது. எனக்குக் கைபிடித்து எழுதப் பழக்கியவர் அம்மா.

அற்புதராஜ் அண்ணன் என்னைத்தான் பார்த்தார். "பாப்பா, நான் ஒரு தடவதான போனேன்? நீயே சொல்லு."

அம்மாவின் கை என் தோளில் இருந்தது. நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டுவிட்டேன். அம்மா சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார்: "அந்த சுவிட்ச் அடிக்கடி ஆஃப் ஆச்சு, நாத்தெல்லாம் செத்துச்சு. அது அணையாம இருக்க நான்தான் வயரச் சேத்துக் கட்டி வச்சேன். நேத்து அதத்தான் கழட்டிட்டு வந்தேன். தெரிஞ்சா நம்ம ரெண்டு பேருக்கும் இங்க இடமில்ல. அவன் தனியாள்தான. சாப்பிடு, ஆறிரும்."

நாள் 214. இரவு 10.50

அற்புதராஜ் அண்ணனுக்குப் பூமியில் சிறை. சரக்குக் கப்பல் காலை ஆறுக்குப் புறப்படுகிறது.

பள்ளி முடிந்ததும் திருமாறன் சாரைத் தனியாகப் பார்த்து எல்லாம் சொன்னேன். இந்த நோட்டைப் பற்றியும் சொன்னேன். அவர் எனக்குத் தண்ணீர் கொடுத்தார். "நல்ல புள்ள. அம்மாகிட்ட மூச்சு விடாத. விடியறதுக்குள்ள நானே வந்து வாங்கிக்கிறேன்" என்றார்.

அம்மா இன்று என் தலையைப் பின்னிவிட்டார். நான் அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.

நாள் 215. இரவு 1.25

தூக்கம் இல்லை. கப்பலுக்கு நான்கரை மணி நேரம். சார் வந்தால் முதலில் என் கதவுக்குத்தானே வருவார்?

1.40

முன்கதவு திறந்த சத்தம். முன்னறையில் சார் குரல். டீ ஆற்றும் சத்தம். "எங்க வச்சிருக்கா?" என்கிறார். அம்மாவிடம் கேட்கிறார். அம்மா அழவில்லை. சாதாரணமாகப் பேசுகிறார்.

இந்தத் தாள்களைக் கிழித்துக் காற்றுக் குழாயில் போடப் போகிறேன். எடுப்பவரே, முதலில் எழுதியதை மறந்துவிடுங்கள். காட்டுங்கள். ஆறு மணிக்குள்

தட்டுகிறார்கள்.

"மகி, சாரும் வந்திருக்காரு. நோட்ட மட்டும் குடுத்துரும்மா."

இன்னும் இரண்டு தாள்தான், கிழி