ஓடைக்கு ஒரு மழைக்காலம்

மார்ச் 3

இந்த நேரத்தில் விளக்கைப் போட்டு எழுதுவதற்கு, தூக்கத்தில் முகம் சுளிக்கும் இவரிடமும் குட்டியிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். மூன்று வயதுப் பெண்ணை வைத்துக்கொண்டு பகலில் எழுத எங்கே கை ஒழிகிறது?

நாளை ஓடையில் வேலை தொடங்குகிறது. நூற்றுப் பன்னிரண்டு வீட்டுக்கும் பொதுவான காடு, நடுவே ஓடை. பத்து வருடமாகக் கதவுக்குப் பூட்டு. உள்ளே முள்புதரும் ஆகாயத்தாமரையும். சுத்தம் செய்து, எல்லோரும் நடக்கவும் பிள்ளைகள் காலை நனைக்கவும் திறந்துவிடலாம் என்று நான்தான் குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் எழுந்து சொன்னேன். செயலாளர் மூக்குக்கண்ணாடிக்கு மேலே பார்த்தார்.

"சறுக்குமரத்துல புள்ளைய விடவே பயப்படுவீங்களாமே. நீங்க ஓடையத் தொறக்கச் சொல்றீங்க?"

சிரித்தார்கள். ஆமாம், பயப்படுவேன். பயந்தவள் எல்லாவற்றையும் பூட்டித்தான் வைக்க வேண்டுமா?

கரையில் பிடுங்காமல் விட வேண்டிய நாணலுக்கும் இளங்கன்றுகளுக்கும் இன்று மஞ்சள் நாடா கட்டிவிட்டு வந்தேன். விரலெல்லாம் கீறல்.

மார்ச் 4

குட்டிக்குக் காய்ச்சல். ஓடைக்குப் போகவில்லை.

மார்ச் 5

போகாமல் இருந்தேனே — அதுதான் வினையாகிவிட்டது.

மரம் வெட்டுகிற அண்ணனும் அவர் ஆட்களும் உதவிக்கு வந்து, நாடா கட்டிய அத்தனையையும் வேரோடு பிடுங்கிப் போட்டுவிட்டார்கள். முள்புதர் அப்படியே நிற்கிறது. இடது கரை மொட்டை.

"நாடா கட்டினா எடுக்கணும்னுதானேம்மா? இருபது வருசமா எங்களுக்கு அப்படித்தானே."

அவரை என்ன சொல்ல? அவர்கள் தொழிலில் வெட்டப்போகிற மரத்துக்குத்தான் அடையாளம். பட்டம் வாங்கிய எனக்கு ஒரு துண்டுச் சீட்டு எழுதி அனுப்பத் தோன்றவில்லை. அவர் தலையைத் தொங்கப்போட்டு நின்றதைப் பார்க்க முடியவில்லை.

மார்ச் 9

இரவெல்லாம் மழை. மொட்டைக் கரை சரிந்து, அதை ஒட்டிய பழைய நடைபாதையையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போய்விட்டது.

மார்ச் 11

கூட்டம். செயலாளர் கைபேசியில் படம் காட்டினார். இரண்டு பக்கமும் சிமெண்ட் சுவர், மேலே கம்பிவேலி, பழையபடி பூட்டு — இதுதான் அவர் திட்டம். கையோடு வரைபடமும் கொண்டுவந்திருந்தார். பின்வரிசையில் ஒரு குரல்: "ஆமா, நாடா கட்டின புண்ணியவான் யாருப்பா?"

எழுந்தேன். முன்னால் இருந்த நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன்.

"நான்தான். கட்டினதும் நான்தான், சொல்லாம விட்டதும் நான்தான். ஆனா செடி இல்லாத எடத்துலதான் கரை போயிருக்கு. எதிர்ப்பக்கம் செடி நிக்குது, ஒரு பிடி மண்ணு நகரல. போய்ப் பாருங்க. எனக்கு ஒரு மழைக்காலம் குடுங்க. கரை நிக்கலைன்னா சுவருக்கு முதல் கையெழுத்து நான் போடறேன்."

"படிப்பு பேசுது," என்றார் செயலாளர்.

"படிப்பு இல்லைங்க. பிடிவாதம்."

இந்தத் தடவை சிரிப்பு என் பக்கம். ஐந்து கை கூடுதலாக எழுந்தது. அவகாசம் கிடைத்தது.

வீட்டுக்கு வந்ததும் இவர், "வாயக் குடுத்துட்டு வந்துட்டியா?" என்றார். குட்டிக்குப் போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டே, "ஞாயித்துக்கிழமை குட்டிய நான் பாத்துக்கறேன், நீ போ."

ஏப்ரல் 2

மரம் வெட்டுகிற அண்ணன் ஒரு ஞாயிறுகூடத் தவறவில்லை. முள்புதரும் ஆகாயத்தாமரையும் போய்விட்டன. சுள்ளிகளை நீளக் கட்டாகக் கட்டிக் கரையோரம் கிடத்தி, முளையடித்து இறுக்குகிறார். பிடுங்கிப் போட்ட நாணலில் உயிர் இருந்த வேர்களைப் பிரித்து, அதன் பின்னால் நான் நடுகிறேன். ஒவ்வொரு செடியையும் தொடுவதற்கு முன்னால் முகத்தை அப்பாவியாக வைத்துக்கொண்டு கேட்கிறார்: "இது நடறதா, புடுங்கறதா?"

ஜூன் 18

ஒன்றும் துளிர்க்கவில்லை. செயலாளர் தினமும் அந்தப் பக்கமாக நடந்து போகிறார். கரையைப் பார்த்துவிட்டு நடையைக் கட்டுகிறார். ஏதாவது சொல்லித் தொலைத்தாலாவது பதிலுக்குப் பேசலாம்.

எல்லாம் செத்துவிட்டதா? சுவருக்குக் கையெழுத்துப் போட்ட கையோடு குட்டியிடம் என்ன சொல்வேன்? — போடமாட்டேன். மழைக்காலம் இன்னும் வரவே இல்லை. அதற்குள் எதற்கு அழுகை?

ஜூலை 6

பச்சை. ஏழு இடத்தில்.

செப்டம்பர் 21

மூன்று நாள் விடாத மழை. விடிந்ததும் குடையோடு ஓடினேன். எனக்கு முன்னால் செயலாளர் அங்கே நின்றிருந்தார். கால்சட்டையை முழங்கால்வரை மடித்துவிட்டு, கையில் ஒரு குச்சி.

"நேத்து ராத்திரி இதுவரைக்கும் ஏறிச்சு. இப்ப எறங்கிடுச்சு." குச்சியால் கரையைக் குத்திப் பார்த்தார். "மண்ணு போகல."

ஆறு மாதமாக மனதுக்குள் பதில்கள் சேர்த்து வைத்திருந்தேன். "கொஞ்சம் தள்ளி நில்லுங்க சார், அங்க வழுக்கும்," என்றேன்.

"அந்தப் பயம் மட்டும் போகல உங்களுக்கு."

"போகாதுங்க."

அக்டோபர் 4

கதவைத் திறக்க மூன்றில் இரண்டு பங்கு, அதாவது எழுபத்தைந்து வீட்டாரின் ஒப்புதல் எழுத்தில் வேண்டும். எழுபது வந்துவிட்டது. வெளியூரில் இருக்கும் வீட்டுக்காரர்களின் பட்டியலோடு செயலாளரே வாசலில் வந்து நின்றார். "நான் எழுதினா நோட்டீஸ் மாதிரி இருக்கும். நீங்க எழுதுங்க. கீழ நானும் கையெழுத்துப் போடறேன்."

எழுதிய கடிதத்தை இங்கேயும் வைக்கிறேன்:

"வணக்கம். பூட்டிய கதவுக்கு வெளியே நின்று நீங்கள் பார்த்துவிட்டுப் போன ஓடையில் இப்போது தண்ணீர் ஓடுகிறது. முழங்காலளவு ஆழம், அடியில் கல் தெரிகிறது. மார்ச்சில் ஒருமுறை கரை சரிந்தது. அது என் தவறு. திரும்பக் கட்டினோம், இந்த மழையில் நின்றது. கதவைத் திறக்க இன்னும் ஐந்து கையெழுத்துக் குறைகிறது. கூடாது என்று நினைத்தால் ஒருமுறை வந்து, தண்ணீரில் இறங்கிப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். எதுவானாலும் சீக்கிரம் பதில் எழுதுங்கள்."