செவ்வாய்க்கிழமைச் சூரியன்

போத்தனூர்
ஞாயிறு, மாலை

அன்புக் கண்ணு லாஸ்யாவுக்கு நைனா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அம்மாவும் சுகம் என்று எப்போதும்போல் ஆரம்பிக்கப் போய்ப் பேனாவை நிறுத்திவிட்டேன். இன்றைக்கு அந்த வரி உண்மைதான், போன வாரம் உண்மையில்லை, அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். முதலில் நீ பதறாதே. அம்மா என் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருக்கிறாள், என் கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கிறதாம், சிரிக்கிறாள்.

வியாழக்கிழமை நீ ஒரே ஒரு வரி அனுப்பினாய், நைனா இது செவ்வாய்க்கிழமைச் சூரியன்தானே, சூரியன் மேல் இருக்கிற அந்தக் கறுப்பு இழை ஏன் மூன்று நாளாக நகரவேயில்லை என்று. அதற்கப்புறம் நான் கூப்பிட்டாலும் போனை எடுக்கவில்லை. நீ கேட்டது நியாயம். நான் ரிட்டயர் ஆனதற்கு நீ வாங்கித் தந்த, சூரியனைச் சிவப்பாகக் காட்டும் அந்தத் தொலைநோக்கியில் தினமும் படம் பிடித்து உனக்கு அனுப்புவதாக வாக்குக் கொடுத்தவன் நான்தான். போன டிசம்பரில் கிளாஸ்கோவில் வெயிலைப் பார்த்துப் பன்னிரண்டு நாளாச்சு நைனா என்று நீ போனில் அழுதாயே, அன்றைக்குக் கொடுத்த வாக்கு. நாற்பது வருஷம் லேத்தில் நின்று, ஒரு நூல் பிசகினாலும் பீஸை ஒதுக்கிப் போட்டவன், பெற்ற மகளுக்கே செவ்வாய்க்கிழமை எடுத்த படத்தைப் புதன், வியாழன் என்று தேதி மாற்றி அனுப்பிவிட்டேன். வெட்கமாக இருக்கிறது கண்ணு.

நடந்தது இதுதான். செவ்வாய்க்கிழமை காலையில் பாலக்காட்டுப் பக்கமிருந்து வந்த ஆடிக்காற்று மேகத்தைக் கிழித்த சந்தில் அந்தப் படம் கிடைத்தது. மத்தியானம் அம்மாவுக்கு நெஞ்சில் வலி, இடது கை மரத்துப்போய்விட்டது. எதிர்வீட்டு மோகன்குமார் உடனே காரை எடுத்தான். ரத்தக்குழாயில் ஒரு அடைப்பு, ஸ்டென்ட் வைத்துச் சரிசெய்துவிட்டார்கள், வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வந்துவிட்டோம். புதன்கிழமை நீ போன் பண்ணினபோது அம்மா உடுமலைப்பேட்டையில் சித்தி வீட்டுக்குப் போயிருக்கிறாள், அங்கே டவர் கிடைக்கவில்லை என்று சொன்னேனே, அதுவும் பொய்தான். தூரத்துல இருக்கற புள்ளைங்க, தெரிஞ்சா சோறு தண்ணி எறங்காது, சொல்லிப்போடாதீங்க என்று ஐசியுவுக்குள்ளிருந்தே அம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். படம் வராவிட்டால் உனக்குச் சந்தேகம் வருமே என்று பழையதையே அனுப்பினேன். சூரியன் நிற்காமல் சுற்றுகிறது, அதோடு சேர்ந்து அந்த இழையும் நகரும் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்ததே நீதான், அந்தப் பதற்றத்தில் அது எங்கே ஞாபகம் வந்தது போ.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அம்மாவைப் பார்க்க அப்துல் வஹீது பாய் வந்திருந்தார், கோட்டைமேட்டில் கண்ணாடிக் கடை, உன் முதல் கண்ணாடி அவர் போட்டதுதான். நீ கோபமாக இருப்பதைச் சொல்லிப் புலம்பினேன். ஏனுங்க, நான் எங்க பிறைக் கமிட்டியில இருபது வருசமா இருக்கறனுங்க, நோம்பு இருபத்தொம்பதுல, நாளைக்குப் பெருநாளான்னு ஊரே எங்க மூஞ்சியப் பாத்துட்டு நிக்குமுங்க, மேகம் மறைச்சுபோட்டா பிறை தெரியலைன்னுதானுங்க எழுதிக் கையெழுத்துப் போடுவோம், கொழந்தைக அழுதாலும் இன்னொரு நோம்பு வெச்சுத்தான் ஆகோணும், மேகம்னு சொல்றதுல என்னங்க வெக்கம் என்று கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. அவர் போனதும் அம்மாவிடம், நான் லாஸ்யாவிடம் சொல்லத்தான் போகிறேன் என்றேன். மாத்திரையை விழுங்கிவிட்டு, சொல்றதுன்னா நல்ல படமா ஒண்ணு எடுத்துட்டுச் சொல்லுங்க என்றாள்.

அம்மா மாடிப்படி ஏறக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருப்பதால் மாடியிலிருந்த தொலைநோக்கியை வாசலுக்கே இறக்கிவிட்டேன். நேற்று முழுக்க ஒன்றும் தேறவில்லை. இன்றைக்குக் காலையிலும் மூட்டம்தான், நான் காபி போட உள்ளே போயிருந்தேன். மேற்கு வீட்டுத் தண்ணீர் டேங்க்கில் வெயில் பட்டால் பதினைந்து எண்ணுவதற்குள் நம் வாசலுக்கும் வந்துவிடும் என்று அம்மாவிடம் சொல்லி வைத்திருந்தேன். டேங்க் பளிச்சென்றதும் ஏனுங்க, ஏனுங்க என்று கத்தியிருக்கிறாள், நான் வரவில்லை, தொலைநோக்கியோடு இணைத்திருந்த லேப்டாப்பில் பட்டனை அவளே அழுத்திவிட்டாள். அரை நிமிஷத்தில் மறுபடியும் மூடிக்கொண்டது. பார்த்தால் மேகக் கோடுகளுக்கு நடுவே சூரியனின் விளிம்பில் செக்கச்செவேலென்று ஒரு தீக்கொழுந்து. செவ்வாய்க்கிழமை நடுவைத் தாண்டிக் கறுப்பு இழையாகத் தெரிந்ததே, அதேதான் கண்ணு, அஞ்சு நாளில் ஓரத்துக்கு நகர்ந்துபோய் இருண்ட வானத்தைப் பின்னால் வைத்து நின்றதும் சுடராகத் தெரிகிறது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அழுவறதுக்கு என்னங்க இருக்குது, காபி என்னாச்சு என்கிறாள் உன் அம்மா.

அந்தப் படம் இதோடு இருக்கிறது, மேகக் கோடுகளை நான் அழிக்கவில்லை. கடிதத்தையும் படத்தையும் இப்போதே போனில் அனுப்பிவிட்டு, நாளைக்குத் தபாலிலும் போடுகிறேன். அம்மாவுக்கு மாத்திரை நேரம் தவறுவதில்லை, அடுத்த மாதம் ஒருமுறை டாக்டரைப் பார்க்க வேண்டும், மறைத்தது வேறெதுவும் இல்லை. இனிமேல் மேகமாக இருந்தால் வெறும் மேகத்தைத்தான் அனுப்புவேன்.

தலைக்குக் குளித்துவிட்டு ஈரத்தோடு வெளியே போகாதே, ராத்திரி பிரெட்டைத் தின்று படுக்காமல் ஒரு கை ரசம் சோறாவது சாப்பிடு. இன்னொன்றும் சொல்ல வேண்டும். எல்லாம் நல்லா இருக்கு நைனா என்று ஒரு மாதமாக ஒரே மாதிரிதான் சொல்கிறாய், அந்தப் பதிலும் நகரவேயில்லை. அங்கே மேகமென்றால் மேகமென்றே சொல்லு கண்ணு, நாங்கள் ரெண்டு பேரும் தாங்குவோம். போனை எடு.

நீ நூறு வருஷம் நல்லா இருக்கோணும் என்று அம்மாவும் நானும் வாழ்த்தும்,

உன் நைனா
வெங்கடபதி