கற்பூரத்தை அணைத்த கை

உடுமலைப்பேட்டை வட்டம்,
திங்கட்கிழமை.

அன்பு மகன் கதிருக்கு, அம்மா எழுதிக்கொண்டது. சென்னையில் நீயும் ரூபனும் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறீர்கள் என்று நம்புகிறேன். நான் உயிரோடுதான் இருக்கிறேன், கஞ்சி இறங்குகிறது. எழுத்து கோணலாக இருந்தால் சிரிக்காதே கண்ணு, வலது கையில் துணி சுற்றியிருக்கிறது.

போனில் பேசாமல் இதென்ன காகிதம் என்று கேட்பாய். என் போனை உன் மாமன் அங்கப்பன் நேற்று கோவில் படியில் அடித்து உடைத்துப்போட்டான். பக்கத்து வீட்டுச் செவ்வந்தியின் போன் அவள் வீட்டுக்காரன் கையில், அவனும் மாமன் ஆள். அவள் தேங்காய்க் களத்துக்கு வேலைக்குப் போகும்போது இதைத் தபாலில் போடுகிறேன் என்றாள்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். அம்மாவுக்கு முடியவில்லை, உடனே வா என்று யார் கூப்பிட்டாலும் வராதே. அடுத்த வாரம் புதன்கிழமை ஓட்டுப்பதிவு. உன்னைப் பூத்துக்குக் கூட்டிவந்து, தன் பக்கத்தில் நிறுத்தி, பையன் திருந்திவிட்டான் என்று ஊருக்குக் காட்ட வேண்டுமாம் மாமனுக்கு. "வந்தா கல்யாணம், முரண்டு புடிச்சா கருமாதி" என்று என் முகத்தைப் பார்த்தே சொன்னான்.

அவன் பஞ்சாயத்துத் தலைவருக்கு நிற்பது உனக்குத் தெரியும். எதைச் சொல்லி ஓட்டுக் கேட்கிறான் என்பது தெரியாது. உங்களைச் சொல்லித்தான் கேட்கிறான். போன வருஷம் மோட்டார் ரூமில் ஒன்றாக இருந்த உங்கள் இரண்டு பேரையும் பிடித்து, பச்சைத் தென்னைமட்டையால் அடித்து, ரூபன் காதைக் கிழித்ததைத் தெருத்தெருவாகச் சொல்கிறான். அன்றைக்கு ஆஸ்பத்திரியில் வண்டியிலிருந்து விழுந்தார்கள் என்று எழுதவைத்தவன், இப்போது மைக்கில் பெருமையாக ஒத்துக்கொள்கிறான். கேட்கிறவர்கள் கைதட்டுகிறார்கள். உன்னை மடியில் உட்காரவைத்துக் காது குத்திய மாமன் இவன்.

நேற்று மாகாளியம்மன் கோவிலில் நம் தெருப் பெண்களை வரிசையாக நிறுத்தினார்கள். தட்டில் எரிகிற கற்பூரத்துக்கு மேலே கையை நீட்டி, அங்கப்பனுக்கே ஓட்டு என்று ஒவ்வொருத்தியும் சத்தியம் பண்ண வேண்டும். கூடப்பிறந்தவள் என்று என்னை முதல் ஆளாக நிறுத்தினான். கதிரைப் பெற்றவளிடமே ஓட்டுக் கேட்கிறாயே, எதற்கு இந்த ஓட்டு என்றேன். என்னைப் பார்க்காமல் கூட்டத்தைப் பார்த்து, "அந்த மாதிரிப் பசங்கள ஊருக்குள்ள கால் வெக்க உடமாட்டேனுங்க, அதுக்குத்தானுங்க" என்றான். நீட்டிய கையை அப்படியே கற்பூரத்தின் மேல் வைத்து அழுத்திவிட்டேன். உள்ளங்கை பொசுங்கியது. வலி அப்புறந்தான் தெரிந்தது.

அதற்குள் என் தலைமயிரைப் பிடித்துப் படியில் மோதினான். இடுப்பில் மிதித்தான். முன்பல் இரண்டு போய்விட்டது. ஒருத்தரும் வந்து தடுக்கவில்லை, பொய் சொல்வானேன். நானும் சும்மா விடவில்லை, மிச்சமிருந்த பல்லால் அவன் கையைக் கடித்துப் பிடித்துக்கொண்டேன். அவன் சட்டையிலும் ரத்தம்தான்.

மறுபடி கற்பூரம் கொளுத்தச் சொன்னான். எனக்கு அடுத்து நின்றது பழனியாத்தாள். உன்னைக் கண்டால் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாளே, அவளேதான். "சாமி முன்னால அணைஞ்சு போச்சுங்க, இனிச் சத்தியம் பண்ணுனா எங்கூட்டுக்கு ஆகாதுங்க" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள். உனக்காகச் சொல்லவில்லை, பயந்துபோய்ச் சொன்னாள். அவள் பின்னாலேயே மற்றவர்களும் கலைந்து போனார்கள். சத்தியம் இல்லாத ஓட்டு எங்கே விழும் என்று அவனுக்குத் தெரியாது, அதுதான் வெறி. சாயங்காலம் வந்து, பூத்துப் பக்கம் கண்டால் காலை வெட்டுவேன் என்று நம் வாசல் நிலையில் அரிவாளால் ஒரு கொத்துக் கொத்திவிட்டுப் போனான்.

கட்சிக்கொடியைத் தூக்கிக்கொண்டு சோறு தண்ணியில்லாமல் அலைந்த பையன் நீ. எவன் வந்தாலும் எங்களுக்கு ஒன்றுதான், இனி ஓட்டே போடமாட்டேன் என்று போன மாதம் சொன்னாய். உன் கோபம் நியாயம்தான். எதிர்த்து நிற்கிற குழந்தையம்மாளும் உங்களுக்காக ஒரு வார்த்தை பேசவில்லை. உங்களை அடித்ததைச் சொல்லி அவள் ஓட்டுக் கேட்கவில்லை, அவ்வளவுதான். இப்போதைக்கு எனக்கு அது போதும். புதன்கிழமைக்குள் எழுந்து நடந்துவிடுவேன், போய்ப் போட்டுவிட்டுத்தான் வருவேன். மை வைப்பது இடது கையில்தானே, அது நன்றாகத்தான் இருக்கிறது.

உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். ஓட்டை விட்டுவிடாதே. இங்கிருக்கும் உன் பெயரை எடுத்துவிட்டு, அங்கேயே ஓட்டர் லிஸ்டில் சேர்த்துக்கொள். ரூபனையும் சேர்க்கச் சொல். இரண்டு பேர் பெயரும் ஒரே கதவு எண்ணில் வரட்டும்.

அவன் காதை நல்ல டாக்டரிடம் காட்டு, தள்ளிப்போடாதே. ஓட்டுப் போட்ட மறுநாள், வியாழக்கிழமை, களத்துக்குப் போய் அங்கிருந்து போன் செய்கிறேன். போன் வராவிட்டாலும் நீங்கள் கிளம்பி வரக் கூடாது. மாகாளி உங்கள் இருவரையும் ஒன்றாக வைத்துக் காப்பாற்றட்டும்.

இப்படிக்கு,
உனக்கும் ரூபனுக்கும் அம்மா,
அன்புச்செல்வி.