வருகைப் பதிவேட்டில் ஒன்பது நாள்

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

இந்த நடுராத்திரியில் உட்கார்ந்து எழுதுகிறேன் என்று கோபிக்காதே. பாப்பா இருமி இருமி இப்போதுதான் தூங்கினாள்.

அப்பாவின் வீட்டில் எனக்குப் பங்கு வேண்டாமென்று, மூன்று வருடத்துக்கு முந்தைய ஜூன் மாதம் நான் எழுதிக் கொடுத்தேனாம். அண்ணன் அந்தப் பத்திரத்தைக் கோர்ட்டில் போட்டு, எங்களைக் காலி செய்யச் சொல்கிறான். அது என் கையெழுத்தே இல்லை. "நீங்க சொன்னா போதாதும்மா, நிரூபிக்கணும்" என்கிறார் வக்கீல். இப்போது போட்டுக் காட்டினால், வேண்டுமென்றே மாற்றிப் போட்டேன் என்பார்களாம். அதே மாதம் போட்டது வேண்டும். நாம் சேர்ந்து வேலை பார்த்த, நீ இன்னும் பார்க்கிற பள்ளியின் வருகைப் பதிவேட்டைக் கேட்டிருக்கிறோம். எனக்கு மேல் வரி உன்னுடையதுதானே?

உன் வாலு

மார்ச் 11

வாலுவுக்கு,

பாப்பாவுக்கு இருமல் நின்றதா? கஷாயம், கிஷாயம் என்று எதையும் புகட்டாதே, டாக்டரிடம் காட்டு.

அண்ணன் என்ன அந்நியனா? கோர்ட்டில் நின்று நம் மானம் போக வேண்டுமா? இங்கே ஓர் அறை ஒழித்து வைக்கிறேன், வந்து இரு. அந்தப் பதிவேட்டை மட்டும் விட்டுவிடு.

அக்கா

ஏப்ரல் 9

அக்கா,

பதிவேடு வந்துவிட்டது. அதில் இருப்பதெல்லாம் என் கையெழுத்துதான் என்று நானே கோர்ட்டுக்கு எழுதிக் கொடுத்தேன். யோசிக்கவேயில்லை.

கையெழுத்து நிபுணரின் அறிக்கையும் வந்தது. பத்திரத்தில் உள்ள கையெழுத்து என் மற்ற கையெழுத்துகளோடு ஒத்துப்போகவில்லையாம். பதிவேட்டில் அந்த ஜூனின் ஒன்பது நாள் கையெழுத்தோடு மட்டும் அச்சாக ஒத்துப்போகிறதாம். "இது ரெண்டு விதமாப் போடுற கை" என்று அண்ணனின் வக்கீல் சிரித்தார்.

பாப்பா வயிற்றில் இருந்தபோது, வாந்தியில் எழ முடியாமல் நான் கிடந்த ஒன்பது நாள் அவை. "நான் பாத்துக்கறேன், நீ படு" என்று சொன்னாயே. பதிவேட்டில் என் பெயருக்கு நீ போட்டாய், சம்பளத்தில் பிடித்தம் செய்யவில்லை. அதற்கு உன்னைக் கும்பிட்டேன்.

அண்ணன் என்ன சொல்லி அந்தப் பத்திரத்தில் உன்னிடம் கையெழுத்து வாங்கினான்? விவரம் சொல்லித்தான் கேட்டானா?

"அந்த நாள்ல போட்டது யாரும்மா?" என்று எங்கள் வக்கீல் கேட்டார். தெரியாது என்றேன். இருபத்தொன்றாம் தேதி சாட்சிக் கூண்டில் ஏற்றிக் கேட்பார்கள். அங்கே தெரியாது என்றால் எனக்கு வீடில்லை. தெரியும் என்றால் உனக்கு வேலையில்லை, அதற்கு மேல் ஜெயிலும் வரலாம்.

நீயே வந்து சொல்கிறாயா, நான் சொல்லட்டுமா? அதற்குள் பதில் போடு.

தங்கை