நீ சேர்த்துத் தட்டிய வரிகள்

என் பக்கத்து நாற்காலிக்காரிக்கு,

இன்று காலை போட்டாதாங் துறைமுகப் பக்கம் ஒரு சரக்குக் கடையில் நின்றுகொண்டிருந்தபோது, மூலையில் கிடந்த பழைய ஃபேக்ஸ் இயந்திரம் திடீரென்று கீச்சென்று கத்தியது. கடைக்காரர் அதைத் திட்டினார். நானோ இடப்பக்கம் திரும்பி, "வந்துடுச்சுடீ, எடு" என்று சொல்லிவிட்டேன். பக்கத்தில் நின்றவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். நீ இருந்திருந்தால் இதைச் சொல்லிச் சொல்லியே ஒரு வாரம் சிரித்திருப்பாய். எனக்கு அழுகைதான் வந்தது. உன் மகன் உனக்கு அனுப்பிய செய்தி ஒன்று என் கைபேசியில் இருக்கிறது. நீ போன பிறகு வந்தது. அதை உன்னிடம் சேர்க்காமல் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அதற்குத்தான் இந்த மடல்.

அந்தக் கீச்சுச் சத்தத்தோடுதானே நம் வேலை தொடங்கும். கப்பல் முகவர் அலுவலகத்து மாடியில் இரண்டு கணினிகள். ஒன்று தொலைபேசியில் சிங்கப்பூரைக் கூப்பிட்டு, கத்திக் கதறி, கடல் தாண்டி வந்த மின்னஞ்சல்களை இறக்கும். மற்றது உள்ளூர் வலையில் மட்டும் ஓடும். இரண்டுக்கும் பங்காளிப் பகை. இதன் கடிதம் அதற்குள் போகாது. நடுவில் நாம் இருவர். இதில் வந்ததை நான் வாய்விட்டு வாசிப்பேன், அதில் நீ மறுபடி தட்டுவாய். கப்பலில் இருந்த நம் ஆட்கள் இங்கிலீஷ் எழுத்தில் தமிழ் எழுதுவார்கள். எழுத்துக் கூட்டி வாசிப்பதற்குள் எனக்கு நாக்குத் தள்ளிவிடும்.

வந்ததை வந்தபடி தட்ட வேண்டும், அதுதான் வேலை. நீ எங்கே கேட்டாய்? "நலம். கப்பல் டர்பன் போகிறது" என்று ஒருவர் ஒரே வரியில் முடித்திருப்பார். நீ அதன் கீழே, "நேரத்துக்குச் சாப்பிடு. பிள்ளை என்னைத் தேடுதா?" என்று தட்டிவிடுவாய்.

"அவரு அப்படி எழுதலைடீ" என்பேன்.

"எழுதத் தெரியலை. நெனைச்சிருப்பாருல்ல?" என்பாய்.

தின்கன்ஜூனிலிருந்து ஒரு கப்பல்காரரின் மனைவி, அச்சிட்ட தாளும் கையுமாக மாடியேறி வந்தாரே, ஞாபகம் இருக்கிறதா? கன்னத்தில் தனாகாப் பட்டை அரைத்த பூச்சு வியர்வையில் கரைந்திருந்தது. "எங்க வீட்டுக்காரரு கட்டிக்கிட்ட நாள்லேருந்து என்னைச் சாப்பிட்டியான்னு கேட்டதில்ல. இது யாரு எழுதினது?" என்றார். வேலை போயிற்று என்று நான் எழுந்தே நின்றுவிட்டேன். நீ அசையவே இல்லை.

"ரெண்டு லைன் மாறி வருதில்லக்கா, வர்ற வழியில கொஞ்சம் ஊறிடும்."

அவர் தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, "அப்ப இனிமேலும் அந்த வழியிலயே அனுப்பச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

பிறகு வலைகளெல்லாம் தாமே ஒன்றோடொன்று பேசக் கற்றுக்கொண்டன. நம் இருவரையும் வீட்டுக்கு அனுப்பினார்கள். உன் மகன் வளர்ந்து பினாங்குக்கு வேலைக்குப் போனான். சர்க்கரை முதலில் உன் கண்ணைக் கொண்டுபோயிற்று, அப்புறம் சிறுநீரகத்தை. அவன் என் கைபேசிக்கு அனுப்புவதை, அவன் சித்தி என்று கூப்பிடும் நான்தான் உனக்கு வாசித்தேன். அவன் அந்தக் கப்பல்காரர்களுக்கெல்லாம் அண்ணன். "சரிம்மா. வேலை. மருந்து போடு." அவ்வளவுதான். பர்மியப் பேச்சிலேயே வளர்ந்த பிள்ளை, தமிழில் அதற்கு மேல் வராது. நான் சேர்த்து வாசித்தேன். உன் பக்கத்தில் உட்கார்ந்து பழகிய பழக்கம், எங்கே போகும்?

உன் கடைசி நாட்களில் பார்த்து ராணுவம் ஊரில் இணையத்தை நிறுத்திவிட்டது. விழிப்பு வரும்போதெல்லாம், "தம்பி ஏதாச்சும் போட்டானாடீ?" என்று கேட்டாய். அவனை வர வேண்டாம் என்று சொன்னவளும் நீதான். வந்தால் திரும்பிப் போக முடியாமல் போய்விடும் என்ற பயம் உனக்கு. ஆனால் அவன் வார்த்தைக்காக உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கிடந்தாய். ஒன்றும் வராத கைபேசியைப் பார்த்து நான் வாசித்தேன். "அம்மா, இங்க மழை பெய்யுது. உன் கையால மொஹிங்கா சாப்பிடணும்போல இருக்கு. நல்லாத் தூங்கு."

கண்ணை மூடிக்கொண்டு கேட்டாய். "இன்னொரு தடவை படி" என்றாய். படித்தேன்.

"மொதல்ல மழைன்னான். இப்ப வெயிலுங்கிறான்?"

நான் கைபேசியை மடியில் கவிழ்த்தேன். நீ தடவித் தடவி என் கையைப் பிடித்தாய். "பரவால்லைடீ. படி" என்றாய்.

மறுநாள் விடியும்போது நீ இல்லை. உன்னைத் தகனம் செய்துவிட்டு வீடு திரும்பிய பிறகுதான் இணையம் வந்தது. அதுவரை அவன் அனுப்பியிருந்ததெல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுந்தது. கடைசியாக இருந்தது, நீ உயிரோடு இருந்தபோதே அவன் அனுப்பியது. அதைத்தான் இப்போது உனக்கு வாசிக்கிறேன். நான் ஒரு சொல்லும் சேர்க்கவில்லை.

"அம்மா, எனக்கு எழுத வரல. எழுதி எழுதி அழிச்சிட்டேன். சித்தி சேத்துத்தான் படிப்பாங்கன்னு நீயே சிரிச்சிக்கிட்டுச் சொன்னியே. இன்னிக்கும் அப்படியே படிக்கச் சொல்லு. அவங்க என்ன சேத்தாலும், அதெல்லாம் நான் சொல்றதுதாம்மா."

ஒரு நாள் முந்தி வந்திருக்கக் கூடாதா? எனக்கு ஆறவே இல்லையடி.