ஆயில் ஃபில்டர் கழன்ற வியாழக்கிழமை

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுறேன். நானும் அப்பாவும் இங்க நல்லாத்தான் இருக்கோம், அங்க நீயும் மாப்பிள்ளையும் நம்ம பேரப்புள்ள வாலும் நல்லா இருக்கணும், வாலுக்கு விழுந்த முன்பல் முளைக்க ஆரம்பிச்சிருச்சான்னு பதில்ல எழுது. போன் இருக்கிறப்ப எதுக்குக் கடிதம்னு கேப்ப. போன்ல நான் ஒரு பேச்சு ஆரம்பிச்சா நீ அதை முடிச்சு வெச்சுடுற, அதுவும் உனக்குத் தோதா முடிக்கிற. காகிதத்துல குறுக்க பேச முடியாது பாரு, அதான். நிதானமா எழுதுறேன், நீயும் நிதானமா படி, பாதியில வெச்சுட்டு எனக்குப் போன் போடாதே, போட்டாலும் எடுக்க மாட்டேன்.

முதல்ல கோபத்தைச் சொல்லிடுறேன், அப்பதான் மத்தது எழுத வரும். போன செவ்வாய்க்கிழமை அப்பாவைக் கைகால் பயிற்சிக்குக் கூட்டிட்டுப் போயிட்டு வந்து, நம்ம கார்ல ஆயில் அளவு பார்க்கிற குச்சியை இழுத்துப் பார்த்தேன். தார் மாதிரி கன்னங்கரேல்னு இருந்துச்சு, அளவும் கீழ்க்கோட்டுக்கு இறங்கிடுச்சு. சரி, தெருமுனை மெக்கானிக்கிட்ட விட்டு மாத்திடலாம்னு நடந்தே போய் எப்ப கொண்டு வரட்டும்னு கேட்டேன். அந்த மனுஷன் துணியில கையைத் துடைக்கிறாரு, துடைக்கிறாரு, துடைச்சுக்கிட்டே இருக்காரு. கடைசியில, இல்லம்மா, உங்க பொண்ணு போன் பண்ணியிருந்தாங்க, அம்மா வந்தா ஏதாவது சாக்குச் சொல்லி அனுப்பிடுங்க, ஞாயித்துக்கிழமை ஒருத்தர் வந்து வண்டியை விலைக்கு எடுத்துட்டுப் போயிடுவாருன்னு சொன்னாங்கன்னு சொல்லிட்டாரு. சாக்குச் சொல்லத் தெரியாதவர்கிட்ட சாக்குச் சொல்லச் சொல்லியிருக்க நீ. அவரைத் திட்டாதே, அவர் மேல தப்பில்ல. ஆனா நான் அந்தக் கடை வாசல்ல நின்னேன் பாரு, நம்ம தெருக்காரங்க ரெண்டு பேர் அங்க உக்காந்திருந்தாங்க, அவங்க முன்னாடி என் வண்டி என்னுது இல்லன்னு நான் தெரிஞ்சுக்கிட்டேன். வீட்டுக்கு வர்ற வழியெல்லாம் காது சுட்டுச்சு.

உனக்குப் பயம்னு தெரியும். அறுபத்து மூணு வயசுல அம்மா வண்டி ஓட்டுறா, பக்கத்து சீட்டுல பக்கவாதம் வந்து ஒரு பக்கம் கைகால் வராத அப்பா, எங்கயாவது ஏதாவது ஆயிட்டா என்னன்னு உனக்குத் தூக்கம் வரலை. டாக்ஸி வெச்சுக்கோங்க, ஒரு பட்டன் அமுக்கினா வாசலுக்கு வரும்னு சொல்ற. வரும். போன மாசம் நம்ம வண்டிக்கு பேட்டரி போனப்ப நாலு தடவை டாக்ஸியில போனோம், அதை உங்கிட்ட முழுசாச் சொல்லலை. அப்பாவோட வலது காலை நான் கையால தூக்கி உள்ள வைக்கணும், அதுக்கு நேரம் ஆகும். ஒருத்தன் ஹாரன் அடிச்சுக்கிட்டே இருந்தான், எங்களைப் பார்த்துத்தான். இன்னொருத்தன் அப்பா வாயோரம் எச்சில் வழிஞ்சதைக் கண்ணாடியில பார்த்துட்டு, சீட்டு அழுக்காகும், டவல் ஏதாவது போடுங்கன்னான். அப்பா அன்னிக்கு வீட்டுக்கு வந்து சுவத்தைப் பார்த்துப் படுத்தவர்தான், அடுத்த பயிற்சிக்குக் கிளம்ப மாட்டேன்னு கட்டிலை இடது கையால பிடிச்சுக்கிட்டாரு. நம்ம வண்டியில பேட்டரி மாத்தின பிறகுதான் எழுந்து வந்தாரு. இது உனக்குத் தெரியாது. இப்பத் தெரிஞ்சுக்கோ.

அதனால மெக்கானிக் இல்லன்னா போகட்டும், நானே மாத்திக்கிறேன்னு முடிவு பண்ணிட்டேன். இருபத்திரெண்டு வருஷம் அப்பா நம்ம கார் ஷெட்டுலதானே மாத்தினாரு, ஒரே வீட்டுல இருந்துக்கிட்டு நான் அதை எட்டிப் பார்க்காமலா இருந்திருப்பேன். புதன்கிழமை ஆயிலும் புது ஃபில்டரும் வாங்கி வந்தேன். வியாழக்கிழமை காலையில டீ குடிச்ச கையோட ஆரம்பிச்சேன். இதைப் படிக்கிறப்பவே நீ நெஞ்சில கை வைப்பன்னு தெரியும், அதனால சொல்லிடுறேன், ஜாக்கை மட்டும் நம்பி அடியில போகலை. அப்பாவோட இரும்பு ஸ்டாண்ட் ரெண்டையும் முட்டுக் கொடுத்து, பின் சக்கரத்துக்குச் செங்கல் வெச்சு, வண்டியைப் பிடிச்சு ஆட்டிப் பார்த்துட்டுத்தான் பழைய பாயை விரிச்சுப் படுத்தேன். அப்பாவைப் பிளாஸ்டிக் நாற்காலியில ஷெட் வாசல்ல உக்கார வெச்சேன், கையில ஊன்றுகோல். எஞ்சினை அஞ்சு நிமிஷம் ஓட விட்டு, அடியில இருக்கிற போல்ட்டைக் கழட்டி, பழைய ஆயிலைக் குளியல்ரூம் பேசின்ல வடிச்சேன். (அந்தப் பேசின் இனிமே குளியலுக்கு ஆகாது.) எல்லாம் அல்வா மாதிரி போச்சு, இதுக்கா ஆம்பளைங்க இவ்வளவு அலட்டிக்கிறாங்கன்னு நினைச்சேன். அடுத்தது ஃபில்டர்.

ஃபில்டர்னா ஒரு தகரக் குவளை, எஞ்சின்ல ஜாடி மூடி மாதிரி திருகியிருக்கும், வேற ஒண்ணுமில்ல. பானெட்டைத் திறந்து மேலேருந்து கையை விட்டுத் திருப்பினேன். அசையலை. துணி சுத்தித் திருப்பினேன். ரப்பர் கையுறை போட்டுத் திருப்பினேன். இந்தப் பக்கம் அப்பா ஊன்றுகோலால தரையைத் தட்டி அதான் அதான்னு சத்தம் போடுறாரு. அவருக்கு இந்த எட்டு மாசமா வாயில வர்றது அந்த ஒரு வார்த்தைதான், பசிச்சாலும் அதான், ஃபேன் போடணும்னாலும் அதான், உனக்குத் தெரியுமே. என்னை உற்சாகப்படுத்துறாருன்னு நினைச்சு நான் இன்னும் மூச்சைப் பிடிச்சுத் திருப்புறேன். அரை மணி நேரம் கழிச்சு நிமிர்ந்து பார்த்தா, மனுஷன் முகம் சிவந்து போயிருக்கு. அலமாரியில கிடந்த சாக்பீஸை எடுத்துக் கொடுத்தேன். குனிஞ்சு இடது கையால தரையில கோணல்மாணலா ரெண்டு வட்டம் போட்டு, ரெண்டுக்கும் அம்புக்குறி போட்டாரு. கீழே படுத்துப் பார்த்தா ஒரு பக்கம், மேலேருந்து பார்த்தா எதிர்ப்பக்கம். அதாவது அரை மணி நேரமா நான் அதை இறுக்கிக்கிட்டு இருந்திருக்கேன். அப்பா ஒரு பக்கத்து உதட்டால சிரிச்சாரு. ஆஸ்பத்திரியிலேருந்து வந்ததுக்கப்புறம் இந்த வீட்டுல அதுதான் முதல் சிரிப்பு, அதுவும் என் கேணத்தனத்தைப் பார்த்து. சிரிக்கட்டும்னு விட்டுட்டேன்.

இந்தத் தடவை அடியில படுத்துச் சரியான பக்கம் திருப்பினாலும் அது அசையலை. முப்பது வருஷம் பள்ளிக்கூட லேபில மாட்டிக்கிட்ட கண்ணாடி மூடி எத்தனை திறந்திருப்பேன், சூடு காட்டித் திறந்திருக்கேன், தட்டித் திறந்திருக்கேன், எந்த மூடியும் எங்கிட்ட ஜெயிச்சதில்ல. உப்புத்தாளைச் சொரசொரப்பு உள்பக்கமா வெச்சுப் பிடிச்சேன். அப்பாவோட பழைய பெல்ட்டைச் சுத்தி இழுத்தேன், பெல்ட்டு அறுந்துச்சு. அப்புறம்தான் அந்தப் புத்திகெட்ட வேலை பண்ணேன். பெரிய ஸ்க்ரூடிரைவரை ஃபில்டர்ல வெச்சுச் சுத்தியலால அடிச்சு இந்தப் பக்கம் விட்டு அந்தப் பக்கம் எடுத்து, அதைக் கைப்பிடியா வெச்சுத் திருப்பினேன். தகரம் கிழிஞ்சுச்சே ஒழிய ஃபில்டர் திரும்பலை. உள்ள தேங்கியிருந்த ஆயில் முழங்கை வழியா வந்து ஜாக்கெட்டெல்லாம் நனைச்சுது.

அப்ப கொஞ்சம் பயந்தேன், உங்கிட்டச் சொல்றதுக்கென்ன. எஞ்சின்ல ஒரு சொட்டு ஆயில் இல்ல, ஃபில்டர் கிழிஞ்சு தொங்குது, வண்டியை முனை வரைக்கும்கூட ஓட்ட முடியாது. ஞாயித்துக்கிழமை அந்த ஆள் வர்றப்ப வண்டி இப்படி நின்னா, அம்மாவால முடியாதுன்னு நீ சொன்னதை நானே நிரூபிச்சுக் கொடுத்த மாதிரி ஆயிடும். எந்தக் கடங்காரன் இப்படி இறுக்கி வெச்சான், அவன் கை விளங்குமான்னு அடியில படுத்துக்கிட்டே வாய்க்கு வந்தபடி திட்டினேன். அப்பா தட்டுறதை நிறுத்திட்டாரு. சத்தத்தைக் காணோமேன்னு தலையை வெளியே நீட்டிப் பார்த்தா, இடது கையை நெஞ்சு மேல வெச்சுக்கிட்டு என்னைப் பார்க்கிறாரு. நெஞ்சு வலின்னா உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கன்னு பயிற்சி கொடுக்கிறவர் சொன்னதுதான் ஞாபகம் வந்துச்சு, நெஞ்சு வலியான்னு கேட்டேன். இல்லைன்னு தலையாட்டி, நெஞ்சைத் தட்டி, அப்புறம் மடியில கிடக்கிற வலது கையைத் தூக்கிக் காட்டினாரு. அதான்னு மெதுவாச் சொன்னாரு.

போன தடவை மாத்தினது அவர்தான். ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குப் பத்து நாள் முன்னாடி. அன்னிக்கு உள்ள வந்து கை மரத்துப்போன மாதிரி இருக்குன்னாரு, நான் குளிர்ல வேலை பார்த்தா அப்படித்தான் இருக்கும்னு சொல்லி டீயைக் கொடுத்தேன். கைக்கு உணர்ச்சி இல்லாம, இறுகிச்சா இல்லையான்னு தெரியாம, முழு பலத்தையும் போட்டு இறுக்கு இறுக்குன்னு இறுக்கியிருக்காரு. அந்தக் கைக்கு என்னமோ ஆகுதுன்னு அவருக்குத் தெரிஞ்சிருக்கு, எனக்குத்தான் தெரியலை. நான் அழலை. ரெண்டு கையும் ஆயில், அழுதா கண்ணைக்கூடத் துடைச்சுக்க முடியாது. எழுந்து போய் அவர் வலது கையைப் பிடிச்சேன், அவர் சட்டையும் கறை ஆச்சு. இந்தக் கை இறுக்கினதை நான் கழட்டாம விட மாட்டேன், பார்த்துக்கிட்டே இருங்கன்னு சொன்னேன்.

பின்தெரு பிளம்பர் வீட்டுக்குப் போனேன். அவர் வேலைக்குப் போயிட்டாரு, அவர் சம்சாரம்தான் இருந்தா. என் கோலத்தைப் பார்த்து, என்னக்கா அடிபட்டுடுச்சான்னு பதறினா. விஷயத்தைச் சொன்னதும் உள்ள போய்ப் பைப்பைப் பிடிச்சுத் திருப்புற செயின் ரெஞ்சைத் தூக்கிட்டு வந்தா, கூடவே ஒரு முழ நீளத்துக்கு இரும்புக் குழாய். கைப்பிடியில இதை மாட்டிக்கோங்க, நீளம் கூடினா பலம் கூடும், அவர் அப்படித்தான் செய்வாருன்னா. கேட்டியா, அவர் வந்து செய்வாருன்னு சொல்லலை, நீங்க செய்யுங்கன்னு கொடுத்தா. அந்த வார்த்தைக்கே பாதி ஃபில்டர் கழன்ற மாதிரி இருந்துச்சு.

கிழியாம இருந்த மேல் ஓரத்துல சங்கிலியைச் சுத்தி மாட்டினேன். குழாயை மாட்டினதும் அதோட முனை பம்பருக்குக் கீழே வெளியே நீட்டிக்கிட்டு நின்னுச்சு. உள்ளேருந்து சங்கிலி நழுவாம நான் பிடிச்சுக்கணும், வெளியேருந்து யாராவது இழுக்கணும். அப்பா நான் சொல்றதுக்கு முன்னாடியே நாற்காலியை இடது காலால தேய்ச்சுத் தேய்ச்சுக் கிட்ட கொண்டு வந்து குழாயைப் பிடிச்சுட்டாரு. இடது கை ஒண்ணுதான். நான் உள்ளேருந்து ஒண்ணு, ரெண்டு, மூணு சொன்னேன். முதல் தடவை ஒண்ணுமில்ல. ரெண்டாவது தடவை சங்கிலி கடிச்சுப் பிடிச்சுச்சு. மூணாவது தடவை கிரீச்சுன்னு ஒரு சத்தம், வண்டியே முனகின மாதிரி, அப்புறம் ஃபில்டர் என் கையில பம்பரம் மாதிரி சுத்த ஆரம்பிச்சுது.

புதுசை மாட்டப் போனவளை அப்பா விடலை. பழைய ஃபில்டரை வாங்கி, வாய்ப்பக்கம் இருந்த பள்ளத்துல விரலை ஓட்டிக் காட்டினாரு. ரப்பர் வளையம் இல்ல. அது எஞ்சின்லயே ஒட்டிக்கிட்டு நின்னிருக்கு, அது மேலயே புதுசை மாட்டியிருந்தா ஓட்டினதும் ஆயில் மொத்தமும் ரோட்டுல போயிருக்கும். திரும்பவும் படுத்து, நகத்தால சுரண்டி எடுத்தேன். புது வளையத்துல ஆயில் தடவி, கையால மட்டும் திருகி, வளையம் உக்காந்ததும் முக்கால் சுத்து, அவ்வளவுதான். போல்ட்டை இறுக்கி, ஆயில் ஊத்தி, சாவியைப் போட்டேன், ஆயில் இல்லன்னா எரியுற சிவப்பு விளக்கு எரிஞ்சு அணைஞ்சுது. கீழே விரிச்ச பேப்பர்ல மறுநாள் வரைக்கும் ஒரு பொட்டுக் கறை இல்ல. வெள்ளிக்கிழமை பயிற்சிக்கு அந்த வண்டியிலதான் போனோம்.

ஞாயித்துக்கிழமை கதை உனக்குத் தெரியும், இருந்தாலும் எங்க பக்கத்தையும் கேளு. வந்தவர் மரியாதையான மனுஷன்தான், வண்டியைச் சுத்திப் பார்த்தாரு, எஞ்சின் சத்தம் நல்லா இருக்கேன்னாரு. நல்லா இருக்கிறதாலதான் விக்கலைன்னு சொன்னேன். உங்க பொண்ணு பேசி முடிச்சுட்டாங்களேன்னு உனக்குப் போன் போட்டு எங்கிட்ட நீட்டினாரு. நான் வாங்கலை. வண்டி அப்பா பேர்ல இருக்கு, அவர்கிட்டயே கொடுங்கன்னேன். அப்பா போனை இடது கையில பிடிச்சு, வாயைக் கோணி, ரொம்ப நேரம் முயற்சி பண்ணாரு. நீ அந்தப் பக்கம் அம்மா, அம்மான்னு கத்திக்கிட்டு இருந்த. அப்புறம் அவர் வேணாம்னு சொன்னாரு. எட்டு மாசத்துல ரெண்டாவது வார்த்தை. நீ போனை வெச்சுட்ட. நீ அழுதன்னு மாப்பிள்ளை சொன்னாரு. எதுக்கு நீ அழுதன்னு எனக்குத் தெரியும், நான் கேக்கலை.

போன மாசம்தான் கண் பரிசோதனை பண்ணி லைசென்ஸைப் புதுப்பிச்சேன். எதிர்ல நிக்கிற வண்டியோட நம்பரை என்னைக்குப் படிக்க முடியலையோ அன்னிக்கு நானே சாவியைக் கழட்டி வெச்சுடுவேன், யாரும் வந்து வாங்க வேணாம். அது வரைக்கும் எனக்குத் தெரியாம எனக்காக எதையும் ஏற்பாடு பண்ணாதே. பயமா இருந்தா எங்கிட்டச் சொல்லு, சண்டை போடு, ஆனா எனக்குப் பின்னாடி பேசாதே.

நேரத்துக்குச் சாப்பிடு, லேப்டாப்பைப் பார்த்துக்கிட்டே சாப்பிடாதே. மாப்பிள்ளைக்கு முதுகு வலின்னா மெத்தையை மாத்தச் சொல்லு. அப்பாவோட பழைய ஸ்கேன் ஃபைல் உன் பெட்டியிலதான் போயிருக்கு, டாக்டர் கேக்கிறாரு, மறக்காம உடனே அனுப்பு. நீங்க மூணு பேரும் நோய்நொடி இல்லாம நிறைஞ்ச மனசோட இருக்கணும், அப்பாவும் தலையாட்டி ஆசீர்வாதம் சொல்றாரு. லீவுக்கு வர்றப்ப டாக்ஸி பிடிக்காதீங்க, ஸ்டேஷனுக்கு நாங்க வர்றோம். நீங்க மூணு பேரும் பின் சீட்டுல உக்காந்துக்கணும், முன் சீட்டு அப்பாவோடது.

இப்படிக்கு,
நகத்துல கறை இன்னும் போகாத
உன் அம்மா