வந்து என்று காதில் விழுந்தது

பிப்ரவரி 4, புதன்

பனி. ஏழு மணி வரை எதிர் வீடே தெரியவில்லை. பஸ் கண்ணாடி முழுக்க ஈரம். மடியில் காலேஜ் கேமரா, துப்பட்டாவால் சுற்றி. கீறல் விழுந்தால் நான்தான் பதில் சொல்ல வேண்டும்.

இன்றைய வேலை: பாகலூர் சாலை ரோஜா பண்ணை. புராஜெக்ட் பெயர் ‘ஒரு நகரம், இருபது படம்’. இதுவரை பத்து எடுத்திருக்கிறேன். பத்தும் முதுகு. கம்பெனி பஸ்ஸுக்கு நிற்பவர்களின் முதுகு, டீக்கடை முதுகு, மேம்பாலத்துக்கு அடியில் முதுகு. போன வாரம் மேடம் வகுப்பில் கேட்டார்: “ஏம்மா கௌரி, ஓசூர்ல யாருக்கும் மூஞ்சியே இல்லையா?” எல்லோரும் சிரித்தார்கள். நானும். ஒரு ஆளின் முன்னால் நின்று ‘எடுத்துக்கலாமா’ என்று கேட்க வாய் வருவதில்லை. அதை எப்படிச் சொல்வது.

பண்ணையில் காதலர் தின சீசன். பூவை இருபது இருபதாக அட்டையில் சுருட்டிக் கட்டும் ஷெட். பெண்கள் வரிசையாக நின்று கட்டுகிறார்கள். குளிர் அறை மோட்டார் சத்தம். மேஸ்திரி நல்ல மாதிரி. “எடுத்துக்கோ பாப்பா. கை மட்டும் நிக்கக் கூடாது, அவ்ளோதான்.”

கடைசியில் ஒரு அக்கா. குளிருக்கு மூக்கு வரை துண்டு. கேமராவைத் தூக்கியதும் பார்த்துவிட்டார். பேசுவதற்காகத் துண்டைத் தாடைக்குக் கீழே இழுத்தார். ஒரு கை மேலே வந்தது. மணிக்கட்டு நிறைய ரப்பர் பேண்டு, வளையல் அடுக்கியது போல. “வந்து... வந்து...” என்று இழுத்தார். கூச்சம். என்னைப் போலத்தான்.

எடுத்துவிட்டேன். மூன்று. மூன்றாவதில் கண் நேராக இருக்கிறது.

பெயர் கேட்கவில்லை. நன்றி சொல்லவும் நிற்கவில்லை. பஸ் வந்துவிட்டது என்று ஓடினேன். உண்மையில் பஸ் வர இருபது நிமிடம் ஆனது.

வாங்க: பால், துணி சோப்பு, ரூமில் ஜெசிந்தாவுக்குத் தலைவலி மாத்திரை.

பிப். 7, சனி

வெயில். துணி காய்ந்தது.

மேடம் என் பதினொன்றாவது படத்தைப் பெரிய திரையில் போட்டார். பிறகு, “அந்தக் கையப் பாருங்க. வாங்கன்னு கூப்பிடற மாதிரி இல்ல?” கண்காட்சிக்கு முதல் படம் இதுதானாம். தலைப்பும் அவரே வைத்தார்: ‘ஓசூர் வரவேற்கிறது’.

கூப்பிடுகிற கை இல்லை என்று எனக்குத் தோன்றியது. சொல்லவில்லை.

படத்துக்குக் கீழே என் பெயர், அச்சில். ‘ம. கௌரி, முதுகலை முதலாண்டு.’ ஹால் டிக்கெட்டில் தவிர வேறெங்கும் பார்த்ததில்லை.

அப்பாவுக்கு போன். ஊத்தங்கரையில் இப்போதே வெயில் கொளுத்துகிறதாம். “கண்காட்சின்னா என்னா பாப்பா? மாடு நிக்க வெச்சுப் பரிசு குடுப்பாங்களே, அதுவா?” போட்டோ கண்காட்சி என்றேன். “அட, போட்டோவா. நம்ம ஊட்ல இருக்கறதே ஒண்ணு. அதுலயும் நீ அழுவற.”

பிப். 12, வியாழன்

கண்காட்சி. காலேஜ் வராந்தா, இரண்டு பக்கமும் படங்கள். கேம்பஸ் இன்டர்வியூ எடுக்க வந்திருந்த கம்பெனி எச்.ஆர். ஆட்களையும் மேடம் சுற்றிக் காட்டினார்.

ஒருவர் என் படத்துக்கு முன்னால் மட்டும் நெடுநேரம் நின்றார். கிட்டே போய்ப் பார்த்தார். பின்னால் வந்து பார்த்தார். போனை எடுத்து அதைப் படம் பிடித்துக்கொண்டார். நான் தூணுக்குப் பின்னால். என் படத்தை ஒருவர் படம் எடுக்கிறார்!

செருப்பு வார் அறுந்தது. ஊக்கு குத்தி நடந்தேன்.

பிப். 14, சனி

ஜெசிந்தா மூன்று மணிக்கு ஷிப்ட் முடிந்து வந்தாள். கிருஷ்ணகிரி பக்கம், மாதா கோயில் மணியடிக்கும் வீட்டுப் பெண். இந்த மத்திகிரி அறையில் எனக்கு இருக்கும் ஒரே ஆள். வந்ததும் என்னை ‘போட்டோக்காரி’ என்றுதான் கூப்பிடுவாள். இன்று கூப்பிடவில்லை. பையைக்கூட இறக்கவில்லை.

“உன் ரோஸ் போட்டோல இருக்கறது மஞ்சுளாக்காடி. எங்க லைன்தான்.”

“எந்த லைன்?”

“எங்க கம்பெனி லைன்டி, ஒயர் கட்டற லைன். இடுப்பு வலின்னு மெடிக்கல் லீவு போட்டிருந்துச்சு அந்தக்கா. எச்.ஆர். சார் கூப்ட்டுப் போன்ல உன் போட்டோவக் காட்டி, இதாம்மா உன் இடுப்பு வலியான்னு கேட்டாராம். டேக்கக் கழட்டி வாங்கிக்கிட்டு வேலைய விட்டு நிறுத்திட்டாங்க. கான்ட்ராக்ட்தான, ஒரு கையெழுத்துகூட வேணாம்.”

அந்த அக்கா வேண்டாம் என்று சொல்லவே இல்லை, வந்து வந்து என்றுதான் இழுத்தார் என்றேன்.

ஜெசிந்தா என்னையே பார்த்தாள். “அந்தக்கா தெலுங்கு, கௌரி. அது வந்து இல்ல. வத்து. வேணாம்னு சொல்லியிருக்கு.”

“ஐயோ, எனக்குத் தெரியாதேடி.”

அவள் நம்பினாள். தோளில் கை வைத்தாள்.

இங்கே எழுதிவிடுகிறேன், வேறு யாரிடமும் சொல்லப் போவதில்லை. கிருஷ்ணகிரி காலேஜ் விடுதியில் பக்கத்துக் கட்டில் நாகவேணி தெலுங்குதான். இன்னொரு தோசை வைக்கப் போனால் தட்டை மூடிக்கொண்டு வத்து வத்து என்பாள். மூன்று வருடம் ஒரு நாள் விடாமல் கேட்ட சொல். மோட்டார் சத்தம் இருந்தது, சரி. ஆனால் 4ஆம் தேதி பக்கத்தில் ‘வந்து’ என்று நான் எழுதும்போதே பேனா ஒரு நொடி நின்றது. ஒரு முகமாவது வேண்டும் என்றிருந்தது. அதனால் காதுக்குப் பிடித்த மாதிரி கேட்டுக்கொண்டேன்.

கை தூக்கினாரே. அதற்குத் தெலுங்கு எதற்கு.

பிப். 15, ஞாயிறு

மஞ்சுளாக்கா வீடு எங்கள் அறையிலிருந்து பத்து நிமிட நடை. மாட்டுப் பண்ணைக்குப் பின்னால் வரிசை வீடுகளில் நான்காவது. ஜெசிந்தா வழி சொன்னாள், வரவில்லை. மூன்று முறை தெரு முனை வரை போய்த் திரும்பினேன்.

அக்காதான் கதவைத் திறந்தார். உடனே அடையாளம் தெரிந்துவிட்டது.

“நீயா மா. கேமரா இருக்கா?”

“இல்லக்கா.”

“அப்போ உள்ள வா.”

ஒரே அறை. பாயில் அவர் தங்கை, பக்கத்தில் பிறந்து பதினாறு நாளான குழந்தை. பண்ணையில் பூக் கட்டுவது தங்கைதான். சீசனில் அவள் இடத்தில் ஆள் நிற்காவிட்டால் அடுத்த சீசனுக்கு அவளைச் சேர்க்க மாட்டார்களாம். அதனால் அக்கா மெடிக்கல் லீவு போட்டுவிட்டு அங்கே போய் நின்றிருக்கிறார். பத்தே நாள்.

மன்னிப்புக் கேட்க இரவெல்லாம் வாக்கியம் சேர்த்து வைத்திருந்தேன். “தப்பாப் புரிஞ்சிக்கிட்டேன்கா” என்பதுதான் வந்தது. அதுவும் பொய்.

“என் மேலயும் தப்பு மா. இந்த ஊர்ல கடைக்குப் போனா கன்னடம், கம்பெனிக்குப் போனா தமிழ். பயந்துட்டா மட்டும் தெலுங்குதான் வருது. வேணாம்னு தமிழ்ல கத்தியிருக்கணும்.”

தங்கை படுத்தபடியே, “போட்டோல எங்கக்கா நல்லா இருக்குதா?” என்றாள். நல்லா இருக்காங்க என்றேன். “அதான் மாட்டிக்கிச்சு. வோட்டர் அட்டையில இருக்கற மாதிரி இருந்திருந்தா எவனுக்கும் தெரிஞ்சிருக்காது.” அக்காவும் சிரித்துவிட்டார். குழந்தை விழித்துக்கொண்டது.

படத்தை எடுத்துவிடச் சொல்கிறேன் என்றேன்.

“எறக்கினா வேல வருமா? வேற ஒண்ணு பண்ணு. போன வருச சீசன்ல எடுத்ததுன்னு எச்.ஆர். சார்கிட்ட வந்து சொல்லு. போன வருசம் ஞாயித்துக்கெழமைல நான் பண்ணைக்குப் போயிருக்கேன், அது லீவு நாளு, தப்பில்ல. இந்த வருசம் நான் வீட்லதான் படுத்திருந்தேன். அவ்ளோதான். நீ படிச்ச பொண்ணு, நீ சொன்னா நம்புவாங்க.”

“சரிக்கா.”

நான் சரி என்றதும் எழுந்து போய் டீ போட்டார். குடித்தேன்.

திரும்பும் வழியில்தான் உறைத்தது. புராஜெக்ட் விதி: இந்தப் பருவத்தில் எடுத்த படங்கள் மட்டும். போன வருடப் படம் என்றால் அது என் புராஜெக்ட்டில் இல்லை.

பிப். 16, திங்கள்

காலை வகுப்புக்கு மட்டம். கம்பெனி கேட்டில் செக்யூரிட்டி என் போன் கேமரா மேல் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டினார். உள்ளே படம் எடுக்கக் கூடாதாம். பண்ணையிலும் யாராவது ஒட்டியிருக்கலாம்.

எச்.ஆர். சார் அவர்தான், வராந்தாவில் நின்றவர். கத்தவில்லை. தண்ணீர்கூடக் கொடுத்தார். போன வருடம் எடுத்தது என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது.

“நீங்க வாயால சொன்னா நான் மேல எப்படிம்மா சொல்றது? இது இந்த வருஷத்துப் படம் இல்லன்னு காலேஜ்ல ஒரு லெட்டர் வாங்கிட்டு வாங்க. லைன்ல அந்த இடம் காலியாத்தான் நிக்குது. புதன்கிழமை வரைக்கும் பாக்கறேன். அதுக்கு மேல ஆள் போட்டுடுவாங்க.”

வெளியே வந்து அக்காவுக்கு போன். லெட்டர் இருந்தால் போதும் என்றேன். “சாமி, நல்லா இருப்ப” என்றார்.

பிப். 17, செவ்வாய்

மேடம் அறை வாசலில் நின்றேன். கதவு திறந்து அவரே வெளியே வந்தார்.

“கௌரி! உன்னத்தான் தேடறேன். பெங்களூர் கண்காட்சிக்குப் பத்துப் படம் போவுது. உன்னுதுதான் முதல்ல. பேரு இங்கிலீஷ்ல எப்படி எழுதணும்னு எழுதிக் குடு.”

எழுதிக் கொடுத்தேன். பெரிய எழுத்தில்.

லெட்டர் பேச்சை எடுக்கவில்லை. நாளை இருக்கிறதே.

பிப். 18, புதன்

காலையில் மேடத்துக்கு வகுப்பு. மதியம் ஆபீஸ் பிரிண்டர் ரிப்பேர். நான்கு மணிக்கு அவர் கார் நின்றிருந்தது, அறையில் விளக்கு எரிந்தது. மரத்தடியில் உட்கார்ந்து விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்துக்கு அணைந்தது.

மேலே எழுதிய எதுவும் காரணம் இல்லை.

மஞ்சுளாக்கா இரண்டு முறை கூப்பிட்டிருந்தார். எடுக்கவில்லை. ஜெசிந்தா கேட்டாள், “என்னடி ஆச்சு லெட்டர்?” மேடம் பார்க்கிறேன் என்றிருக்கிறார் என்றேன். வாய் வராதவள் என்று என்னை நானே நினைத்துக்கொண்டிருந்தேன். பொய்க்கு மட்டும் நன்றாக வருகிறது.

பிப். 19, வியாழன்

விடிந்ததுமே கிளம்பினேன். பனி இல்லை.

மேடம் நாற்காலியில் உட்காரும் முன்பே சொல்லிவிட்டேன். இந்தப் படம் போன வருடம் கிருஷ்ணகிரியில் படிக்கும்போது வந்து எடுத்தது மேடம், விதியில் வராது, எடுத்துவிடுங்கள், கம்பெனிக்கு ஒரு லெட்டர் வேண்டும். அவர் கண்ணாடியைக் கழற்றினார். “இத்தனை நாள் தெரியலையா உனக்கு? பத்து முதுகு எடுத்தவ ஒரு முகம் எடுத்தியேன்னு எவ்ளோ சந்தோஷப்பட்டேன் தெரியுமா.” நான் தரையைப் பார்த்தேன். திட்டவில்லை. திட்டியிருக்கலாம். லெட்டரைத் தட்டி, முத்திரை வைத்து, மடித்துக் கையில் கொடுத்தார். வராந்தாவிலிருந்து படத்தை நானே கழற்றினேன். பெங்களூர் பட்டியலில் என் பெயரை அடித்து ஒரு கோடு.

பதினொன்றரைக்குக் கம்பெனி கேட். எச்.ஆர். சார் லெட்டரை முழுதாகப் படித்தார்.

“நேத்து கொண்டு வந்திருந்தா போதும்மா. இன்னிக்குக் காலைல முதல் ஷிப்ட்ல ஆள் போட்டாச்சு. ஒடிசாப் பொண்ணு. நேத்து அஞ்சு மணி வரைக்கும் நானே ஃபைல மூடாம வெச்சிருந்தேன்.” லெட்டரைத் திருப்பிக் கொடுத்தார். “வேற இடம் வந்தா சொல்றேன்.” வராது என்று இருவருக்கும் தெரிந்தது.

பஸ் ஸ்டாப்பில் நின்று அக்காவுக்கு போன் செய்தேன். சொன்னேன். அந்தப் பக்கம் குழந்தை அழுதது.

“லெட்டர் எப்ப மா குடுத்தாங்க?”

“இன்னைக்குக் காலைலதான்கா.”

“அவ்ளோ நாளு இழுத்தடிச்சாங்களா உங்க மேடம். பெரிய எடத்துல அப்படித்தான். நீ என்னா பண்ணுவ, பாவம். எனக்காக அலைஞ்சியே. சாப்ட்டியா?”

சாப்பிட்டேன் என்றேன்.

மேடம் லெட்டர் எழுத எடுத்துக்கொண்டது பத்து நிமிடம். அதை அக்காவிடம் சொல்லவில்லை.